58 காசு வட்டியும் ஒரு கார் கொட்டேஷனும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் பிரிவைத் தாண்டினால் பாலுசெட்டி சத்திரம் வரும். அங்கே இறங்கி கொஞ்ச தூரம் உள்ளே போனால் திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். வறுத்த பயறு முளைக்கும் என்று நம்பி குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

கோயிலை விட்டு நெடுஞ்சாலைக்கு வந்து நின்றால் வேறு காட்சி. புத்தம் புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்கும். இதே சாலையில் கிழக்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் 1998-லிருந்து அங்கே கார் செய்கிறது. கொஞ்சம் தெற்கே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய தொழிற்சாலை. பக்கத்தில்தான் கார் பிறக்கிறது என்பதற்காக இந்த ஊர்க்காரருக்கு ஒரு ரூபாய் குறையுமா? குறையாது. கத்தரிக்காய்க்குத்தான் அந்தச் சலுகை எல்லாம் :-)

இத்தனைக்கும் காஞ்சிபுரம் வட்டாரத்து ஆட்களுக்குப் பேரம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்து, ஜரிகையைத் திருப்பிப் பார்த்து, கோர்வையா இல்லையா என்று கண்டுபிடித்து, கூலி எவ்வளவு, பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்று மனசுக்குள்ளேயே பிரித்துவிடுவார்கள். கடைக்காரர் சொல்கிற விலை அவர்களுக்கு ஒரே எண் கிடையாது. அது நாலைந்து எண்களின் கூட்டல். எந்த எண்ணில் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே ஆள் கார் ஷோரூமுக்குள் போனால்? ஏசி குளிர், கண்ணாடித் தரை, ஒரு கப் காபி, "வாங்க சார், உக்காருங்க சார்". அரை மணி நேரத்தில் அவர் கேட்கிற ஒரே கேள்வி: "தம்பி, மாசம் எவ்வளவு கட்டணும்?"

அங்கேயே பேரம் முடிந்துவிட்டது. ஜரிகையைத் திருப்பிப் பார்த்த கை, கார் கொட்டேஷனைத் திருப்பிப் பார்க்கவில்லை. கார் விலையும் நாலைந்து எண்களின் கூட்டல்தான். ஒன்றில் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் பிடித்துக்கொள்வது அந்த வியாபாரத்தின் இயல்பு. அதைப் பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் பேரம். மற்றவர்களுக்கு வெறும் காபி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. திருப்புட்குழியில் இருந்து ஒருவர் முதல் கார் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 6,40,000. சாலை வரி 83,200. இன்ஷூரன்ஸ் 34,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500. சீட் கவர், மேட், ஃபிலிம், ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்து 22,000. கூடுதல் வாரண்டி 14,000. பதிவு, ஃபாஸ்டேக், இதர செலவு 4,500. மொத்தம் 8,07,200. இதில் ஷோரூம்காரர் 20,000 தள்ளுபடி என்கிறார். நம்ம ஆள் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, எழுந்து வாசல் வரை போய், திரும்பக் கூப்பிட்டு, மேனேஜர் வந்து கை கொடுத்து, 30,000 ஆக்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்கிறார்.

இப்போது அந்தத் தாளைத் திருப்பலாம். அதே இன்ஷூரன்ஸ், அதே கவரேஜ், வெளியில் 25,000-க்குக் கிடைத்திருந்தால் அதில் 9,000 போனது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசாங்கம் கேட்கிற வரி இல்லை, டீலர் தானாகப் போடுகிற கட்டணம், அதில் 9,500. சீட் கவர் வகையறாவை காஞ்சிபுரத்திலேயே ஒரு கடையில் 12,000-க்கு முடித்திருந்தால் அதில் 10,000. கூட்டினால் 28,500. பேசி வாங்கிய 30,000-ல் கையில் நின்றது 1,500 ரூபாய். அதுவும் போகவர பெட்ரோலுக்குச் சரியாப்போச்சு.

இதில் இன்ஷூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது காருக்கு 3 வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இந்தப் பகுதியின் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது சொந்த வண்டிக்கான சேதப் பகுதியிலும், ஜீரோ டெப், என்ஜின் பாதுகாப்பு மாதிரி ஒட்டுப் பாலிசிகளிலும். "எங்ககிட்ட எடுத்தாத்தான் சார் டெலிவரி" என்று சொல்வது உண்டு. அப்படி ஒரு சட்டம் கிடையாது. எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். டீலருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பங்கு வருகிறது, அவ்வளவுதான் விஷயம். வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கி மேஜையில் வைத்தால் உள்ளே இருக்கிற விலையும் இறங்கி வரும். ஒப்பிடும்போது ஐடிவி, அதாவது வண்டிக்குப் போட்டிருக்கிற காப்பீட்டு மதிப்பு, இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிவியைக் குறைத்துப் போட்டு பிரீமியம் குறைவு என்று காட்டுவது பழைய வித்தை.

சாலை வரியில் பேரம் இல்லை. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி 5 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 12%, 5-லிருந்து 10 லட்சம் வரை 13%, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18%, அதையும் தாண்டினால் 20%. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 ஏறினால் வரியில் 53,100 ஏறுகிறது! கூடவே 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ் வேறு (இது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் கட்டுகிற அன்றைக்குக் கையை விட்டுப் போகும்). "ஒரு 20,000 ரூபா தான் சார் வித்தியாசம், டாப் வேரியன்ட் எடுத்துக்கோங்க" என்று சொல்லும்போது இந்தப் பள்ளத்தை யாரும் காட்டுவதில்லை.

இன்னொரு குழப்பம், வரிக் குறைப்பையும் தள்ளுபடியையும் ஒன்றாக்கிப் பேசுவது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதோடு இருந்த செஸ்ஸும் போனது. 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிக்கு வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்றால் முன்பு 29% சேர்த்து 6,45,000, பிறகு 5,90,000. இந்த 55,000 அரசாங்கம் விட்டது. இதையும் தன் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்து "மொத்தம் 75,000 குறைச்சிருக்கோம் சார்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அதில் அவருடையது 20,000 மட்டும்.

தள்ளுபடி என்றதும் ஒரு விஷயம். காஞ்சிபுரத்தில் 'ரிபேட்' என்பது வீட்டுச் சொல். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸிலும் கூட்டுறவு சங்கக் கடைகளிலும் ரிபேட் போடுவார்கள். போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். கலெக்டர் வந்தாலும் அதே சதவீதம், கைலி கட்டிக்கொண்டு வந்தாலும் அதே சதவீதம். கார் தள்ளுபடி அப்படி இல்லை. அது ஆளைப் பார்த்து, நாளைப் பார்த்து, மேனேஜர் முகத்தைப் பார்த்து வரும். அதுவும் ஒரே மூட்டையாக வராது. கேஷ் டிஸ்கவுன்ட், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் டிஸ்கவுன்ட், லாயல்டி போனஸ் என்று நாலு பொட்டலம். இதில் சிலவற்றை கார் கம்பெனி தருகிறது, சிலது டீலர் தன் லாபத்திலிருந்து தருகிறார். கம்பெனி தருவது எல்லா டீலரிடமும் ஏறக்குறைய ஒன்று. உண்மையான பேரம் டீலர் பங்கில்தான்.

அந்தப் பங்கையே கம்பெனி கட்டிப்போட்டால்? இது கற்பனை இல்லை. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையத்தின் உத்தரவில் இருந்த விவரம் படிக்கப் படிக்க ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும். கம்பெனி நிர்ணயித்ததற்கு மேல் எந்த டீலரும் தள்ளுபடி தரக் கூடாது. மீறுகிறார்களா என்று பார்க்க, வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டு ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் பேசிப் பேசிக் கூடுதல் தள்ளுபடி கேட்பார்கள். டீலர் தரப்பு ஒப்புக்கொண்டால் ஆதாரத்தோடு விளக்கம் கேட்டு மெயில் வரும். டீலருக்கும் அபராதம், அங்கே வேலை செய்கிற விற்பனையாளருக்கும் அபராதம். கம்பெனிக்கு எதிராக இந்த விசாரணை தொடங்கியதே பெயர் சொல்லாத ஒரு டீலர் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்துதான். ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாருதி மேல்முறையீட்டுக்குப் போனது.

அதற்கு முன்பே, 2017 ஜூனில், ஹூண்டாய்க்கும் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் 87 கோடி அபராதம் போட்டார்கள். 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக இந்த வழக்குகளில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது வக்கீல்கள் பாடு. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. எதிரில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு, "இன்னும் 5,000 குறைங்க" என்று கேட்கிறவர் உண்மையான வாடிக்கையாளரா, உளவு பார்க்க வந்தவரா என்று ஒரு பயம் இருந்திருக்கிறது! அவர் "முடியாது சார்" என்று சொன்னது எல்லாமே நடிப்பு இல்லை. அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமும் இல்லை.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. வெளியில் 1,80,000-க்குப் போகிற வண்டியை ஷோரூமில் 1,55,000 என்று மதிப்புப் போட்டு, 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று சேர்த்தால் என்ன வந்தது? அதே 1,80,000. சொந்தக் காசையே பரிசாகக் கொடுக்கிறார்கள். முதலில் வெளியில் விலை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடவே ஒன்று: பழைய வண்டியில் வருடக்கணக்கில் க்ளெய்ம் வாங்காமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் 50% வரை இருக்கலாம். அது வண்டிக்குச் சொந்தமில்லை, ஓனருக்குச் சொந்தம். பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கினால் புது வண்டியின் சேதப் பகுதி பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்போது பெரிய பூதம். கடன்.

நம்ம ஊர்ப்பக்கம் வட்டியை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. நூற்றுக்கு மாசம் எத்தனை ரூபாய் என்பதுதான் பேச்சு. 'ஒரு வட்டி', 'ஒன்றரை வட்டி', 'ரெண்டு வட்டி'. 12 சதவீதம் என்றால் ஒரு வட்டி. பாவு வாங்க, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு வட்டிக்கும் ஒன்றேகால் வட்டிக்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அந்தப் பழக்கத்தையே வைத்து ஏமாற்றுவதுதான் 'ஃப்ளாட் ரேட்'. நம்ம உதாரணத்து ஆளுக்கு 5 லட்சம் கடன் வேண்டும், 5 வருடம். வங்கியில் 9% என்கிறார்கள். ஷோரூமில் உட்கார்ந்திருக்கிற ஃபைனான்ஸ்காரர் "எங்ககிட்ட 7 பர்சென்ட் தாண்ணே, ஃப்ளாட்" என்கிறார். 7 என்றால் மாசம் நூற்றுக்கு 58 காசு. எவ்வளவு மலிவு! கையெழுத்துப் போட வேண்டியதுதானே?

போடுவதற்கு முன் பெருக்கிப் பார்க்கட்டும். ஃப்ளாட் 7% என்றால் முழு 5 லட்சத்துக்கும் 5 வருடமும் வட்டி: 1,75,000. அசலோடு கூட்டி 60 மாதத்தால் வகுத்தால் மாதத் தவணை 11,250. வங்கியின் 9%, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கு. மாதத் தவணை 10,379. மொத்த வட்டி சுமார் 1,22,750. ஏழு என்று சொன்னவரிடம் வாங்கினால் ஒன்பது என்று சொன்னவரிடம் வாங்குவதைவிட 52,000 ரூபாய்க்கு மேல் அதிகம். 4 வருடம் தவணை கட்டி முடித்தவருக்கு அசலில் ஒன்றேகால் லட்சம்தான் பாக்கி நிற்கும், ஆனால் ஐந்தாவது வருடமும் அவர் 5 லட்சத்துக்கே வட்டி கட்டுகிறார். தவணையிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டால் அந்தக் கடனின் உண்மையான வட்டி சுமார் 12.5%. ஊர் பாஷையில் சொன்னால், 58 காசு வட்டி என்று நினைத்து வாங்கியது ஒரு ரூபாய் 4 காசு வட்டி.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள பி.காம் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏலச்சீட்டு போட்டவருக்கே தெரியும். முதல் மாதமே தள்ளி எடுக்கிறவருக்கும் கடைசி மாதம் எடுக்கிறவருக்கும் ஒரே சீட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று வீட்டுப் பெண்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அந்த அறிவை ஷோரூம் வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போவதுதான் கொடுமை.

அடுத்தது வருடத்தை நீட்டுகிற வித்தை. "அஞ்சு வருஷம் வேணாம்ணே, ஏழு வருஷம் போட்டுக்கலாம், மாசம் 2,334 ரூபா குறையும்." உண்மைதான். அதே 9%-ல் 7 வருடம் என்றால் தவணை 8,045. ஆனால் மொத்த வட்டி 1,75,741. 5 வருடக் கடனைவிட ஏறக்குறைய 53,000 கூடுதல். ஒன்றரை மணி நேரம் பேசி விலையில் குறைத்த 30,000 இந்த ஒரு வரியில் காணாமல் போகிறது, மேலே 23,000 கையிலிருந்து போகிறது. ஒரு பட்டுச்சேலை தறியை விட்டு இறங்க பத்து பதினைந்து நாள் ஆகிற வீட்டில், அந்தப் பணம் எத்தனை சேலைக் கூலி என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தறியில் உட்கார்கிறவர் தோள்பட்டைக்குத்தான் அதன் எடை தெரியும். குறைந்த தவணைதான் கட்டுப்படியாகும் என்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் 7 வருடம் எடுப்பதில் தப்பில்லை. என்ன விலை கொடுத்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

"ஜீரோ பர்சென்ட்" என்று விளம்பரம் வந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பொருள்களுக்குத் தருகிற தவணைத் திட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது, சுழிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்கு எழுதியது. வட்டியை யாரோ எங்கேயோ கட்டுகிறார்கள். முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடியை, குறைந்த வட்டிக் கடன் எடுக்கிறவருக்குத் தராமல் விட்டால் அதுதான் வட்டி. "முழுசா பணம் கட்டினா எவ்வளவு குறையும்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே வெளியில் வந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு நல்ல ஆயுதம் இப்போது கையில் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தருகிற எந்தத் தவணைக் கடனுக்கும் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம், கூடவே ஒட்டிய இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று சொல்கிற எண். ஃப்ளாட், ரெட்யூசிங் என்கிற வேஷம் எல்லாம் அந்த எண்ணில் கலைந்துவிடும். இரண்டு இடத்தில் தாள் வாங்கி ஏபிஆரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அதே தாளில் முன்கூட்டியே கடனை அடைத்தால் என்ன கட்டணம் என்பதும் இருக்கும். கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால், மாறும் வட்டிக் கடன்களுக்கு 2026 ஜனவரி முதல் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. தீபாவளி சீசனில் நாலு காசு கூட வந்தால் கடனை முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த வரியை முதலில் படிக்க வேண்டும்.

ஆனால் நெசவாளர் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளச் சீட்டு கிடையாது. கூலி கையில் வருகிறது, சில சமயம் முன்பணமாக வந்து கழிகிறது. வங்கி ஐடி ரிட்டர்ன் கேட்கிறது. இல்லை என்றதும் நேராக ஃபைனான்ஸ் கம்பெனி, வட்டி கூடுதல். வண்டி விலையில் நன்றாகப் பேரம் பேசுகிற ஆள், கடனில் பேரம் பேச முடியாமல் போவது இங்கேதான். சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சரித்திரமே இருக்கிறது. 1954-ல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1974-ல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கி பிறகு லாரிக் கடனில் இறங்கிய ஸ்ரீராம் குழுமம் எல்லாம் இங்கே பிறந்தவை. வங்கி திரும்பிப் பார்க்காத லாரிக்காரருக்கு, தாளைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்க முடியும் என்று காட்டியது ஸ்ரீராம். அந்த நம்பிக்கைக்கு வட்டியில் ஒரு விலை உண்டு என்பது வேறு விஷயம். கார் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆரம்பிப்பது, கூலியை வங்கிக் கணக்கு வழியாக வாங்குவது, ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தருகிற அறிக்கையை வாங்கிப் பார்ப்பது... இதெல்லாம் பேரம் மாதிரியே தெரியாது. ஆனால் ஷோரூமில் பேசுகிற எந்தப் பேச்சையும்விட இது அதிகம் மிச்சப்படுத்தும்.

லீஸ் பற்றியும் சிலர் கேட்பார்கள். நம்ம நாட்டில் அது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் கம்பெனி வழியாக வரிச் சலுகைக்காக எடுப்பது. திருப்புட்குழியில் அதற்கு வேலை இல்லை, விட்டுவிடலாம்.

எப்போது போவது? ஆடியில் புது சாமான் வாங்க மாட்டார்கள், அதனால்தான் ஆடித் தள்ளுபடி. துணிக்கடைக்குப் பொருந்துவது ஷோரூமுக்கும் பொருந்தும். மாதக் கடைசியில் விற்பனை இலக்கு கழுத்தைப் பிடிக்கும், அப்போது மேனேஜர் கொஞ்சம் இளகுவார். டிசம்பர் தள்ளுபடிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். டிசம்பர் 28-ல் வாங்கினால் நாலு நாளில் அது 'போன வருஷத்து வண்டி'. பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்குக் கவலையில்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் விற்கிற ஆள் யோசிக்க வேண்டும்.

யார் போவது என்பதும் முக்கியம். இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்று இரண்டு பேர் 1995-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிகாகோ பகுதி கார் டீலர்களிடம் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு என்று பயிற்சி கொடுத்து ஆட்களை அனுப்பினார்கள். வெள்ளைக்கார ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிக விலை சொன்னார்கள் டீலர்கள். பேரத்தில் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை, முகத்தில் மட்டும்தான் வித்தியாசம். அதுவும் எந்த நாட்டில்? கார் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியே தீர வேண்டும் என்று 1958-லேயே சட்டம் போட்ட நாட்டில்! இங்கே மட்டும் என்ன, ஷோரூமில் முதலில் பார்ப்பது காலில் இருக்கிற செருப்பைத்தான்.

அதற்கு ஒரு சுலபமான மாற்று உண்டு. முகத்தைக் காட்டாமல் விலை கேட்பது. காஞ்சிபுரத்தில் ஒரு டீலர், வேலூர்ப் பக்கம் ஒருவர், பூந்தமல்லிப் பக்கம் ஒருவர். மூன்று பேரிடமும் போனிலோ மெயிலிலோ ஒரே கேள்வி: இந்த மாடல், இந்த வேரியன்ட், இந்த நிறம், ஒவ்வொரு வரியும் தனித்தனியாக எழுதி ஆன்-ரோடு விலை அனுப்புங்கள். வாயால் சொன்ன தள்ளுபடிக்கு ஆயுள் குறைவு. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அங்கேகூடப் பிடித்த விரல் பிடித்ததுதான். இங்கே சொன்ன மேனேஜர் அடுத்த மாதம் வேறு கிளைக்குப் போயிருப்பார். பேசி முடித்த எல்லாமே, மேட் உட்பட, புக்கிங் ஃபாரத்தில் எழுத்தில் வர வேண்டும். புக்கிங்கை ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

டெலிவரி அன்றைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால், சேசிஸ் நம்பர் இன்வாய்ஸில் இருப்பதுதானா என்று பார்த்துவிடுவது நல்லது. முடிந்தால் பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், ஸ்டாக்யார்டிலேயே. மாலையும் கேக்கும் போட்டோவும் வந்த பிறகு கீறலைக் காட்டி யாரும் சண்டை போடுவதில்லை.

ஐந்து வருடம் கழித்துக் கடைசித் தவணை கட்டியதும் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிற ஒன்று பாக்கி இருக்கும். கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் அடமானமாக அப்படியே நிற்கும், அது தானாகப் போகாது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபாரம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அதே மாதிரி. செய்யாமல் விட்டவர்கள் வண்டியை விற்கப் போகிற அன்றைக்குத்தான் அந்தப் பழைய ஃபைனான்ஸ் ஆபீஸ் எங்கே இடம் மாறியது என்று தேடிக்கொண்டு அலைவார்கள்.